வான் பாயுமுன்



புரட்டாதி வெயிலில் குளங்களின் அலைகரைகள் வெடித்துக் கிடக்கும் இந்நாளில், வெள்ளத்தைப் பற்றிப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறீர்கள். காலமறிந்து செய்த காரியம் இது. கார்த்திகையின் நடுநிசியில் முற்றத்தில் நீர் ஏறும்போது எந்த மனிதனுக்கும் புதிதாக யோசிக்கும் ஆற்றல் இருப்பதில்லை. முன்னரே யோசித்து வைத்ததைச் செய்யும் ஆற்றல் மாத்திரமே எஞ்சியிருக்கும்.

நாம் வாழும் நிலத்தின் இயல்பை முதலில் நோக்குவோம். வவுனியா வடக்கின் காடுகளிலே பெய்யும் மழையைத் திரட்டிக்கொண்டு வரும் கனகராயன் ஆறு, இரணைமடுவிலே தேங்கி, அணைக்கு அப்பால் கண்டாவளைப் பகுதியின் வயல்வெளிகளுக்கூடாகச் சுண்டிக்குளக் கடல்நீரேரியைச் சென்றடைகிறது. ஆகவே முரசுமோட்டையில் வானம் வெளித்திருக்கும் நாளிலும், தெற்கே இரவு முழுவதும் கொட்டிய மழை அவ்வூரின் வாசலுக்கு வந்து சேரலாம். 2018 டிசெம்பரில் நிகழ்ந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நீர்மட்டம் 34 அடியிலிருந்து 36 அடியாக உயர்த்தப்பட்டு, புனரமைக்கப்பட்ட இரணைமடுக் குளம் அம்மாத முற்பகுதியிலே சனாதிபதியால் திறந்துவைக்கப்பட்டு, சில கிழமைகள்கூடக் கழியாத நிலையில், 21ஆம் தேதி இரவு பெய்த பெருமழையினால் குளம் நிரம்பி வான்கதவுகள் திறக்கப்பட, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பல்லாயிரம் ஜனங்கள் பாடசாலைகளிலும் பொதுநோக்கு மண்டபங்களிலும் தஞ்சம் புகுந்தார்கள்.

அதற்கு முன்னரும் பின்னரும் நேர்ந்தவற்றை விரிக்கப் புகின் பொழுது போதாது. 1964 டிசெம்பர் 22இல் வவுனியாவுக்கூடாகக் கடந்த புயலே அன்றிரவு தனுஷ்கோடியை அழித்தது. 2004 டிசெம்பர் 26இல் முல்லைத்தீவுக் கரையை ஆழிப்பேரலை துடைத்துச் சென்றது. 2020இல் புரெவிப் புயல், 2025 நவம்பர் இறுதியில் நாடெங்கும் அறுநூறுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டு சென்ற டித்வா. இவ்வபாயம் நம்மிடத்தே திரும்பத் திரும்ப வருவது என்பதற்கு இவற்றினும் மேலான பிரத்தியட்சப் பிரமாணம் வேண்டுவதில்லை.

“எத்தனை இடப்பெயர்வுகளைக் கண்டவர்கள் நாங்கள், எங்களுக்கா நீங்கள் ஆயத்தம் சொல்லித் தரப் போகிறீர்கள்?” என்று பெரியவர் ஒருவர் என்னை வினவினார். அவ்வினாவிலே துக்கமும் இருக்கிறது, நியாயமும் இருக்கிறது. ஆயினும் யுத்தம் நமக்குக் கற்பித்தது, கையிற் கிடைத்ததை எடுத்துக்கொண்டு, திரும்பி வருவோமா என்பது தெரியாமலே புறப்படுவதை. வெள்ளமோ சில நாட்களில் வடிந்துவிடும். நாம் திரும்பி வருவோம். திரும்பி வந்து அதே மண்ணில் அதே காலபோகத்தின் மிச்சத்தைக் காப்பாற்ற வேண்டும். வேளையோடு வெளியேறுவதும், திரும்பி வந்து வாழ்வதற்கு வேண்டியவற்றைப் பத்திரப்படுத்திவிட்டு வெளியேறுவதும் ஆகிய இவ்விரண்டையும் பழைய அனுபவம் நமக்குக் கற்பிக்கவில்லை.

வன்னியிலே ஒரு குடும்பம் வீட்டை விட்டு நகரத் தாமதிப்பது பெரும்பாலும் மாட்டுக்காகவே. இதை நகரத்திலிருந்து திட்டம் வகுப்போர் அறிவதில்லை. பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பிவிட்டுத் தகப்பன் பட்டியடியிலே நிற்பான். இடுப்பளவு நீரிலும் நிற்பான். அவனை அறிவீனன் என்று கடிந்துகொள்ள எனக்கு மனம் வராது. அவன் குடும்பத்தின் சேமிப்பு முழுவதும் அந்தப் பட்டியிலேதான் நிற்கிறது. 2022 டிசெம்பரில், மாண்டஸ் புயலோடு வந்த குளிரையும் காற்றையும் தாங்காமல், வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகளும் ஆடுகளும் விறைத்து மடிந்ததை நாம் கண்ணாற் கண்டோம். எனவே மனிதருக்கு எந்தப் பாடசாலை என்று குறித்து வைக்கும் கிராமம், கால்நடைக்கு எந்த மேட்டுநிலம் என்பதையும் இன்றே குறித்தாக வேண்டும். அந்நிலத்துக்குரியவரின் சம்மதத்தை இன்றே பெற்று, காற்றுக்கு மறைப்பும், நனையாத வைக்கோலும் அங்கே முன்கூட்டியே சேர்த்து வைக்க வேண்டும். நேரம் தவறிவிட்டதாயின் கட்டை அவிழ்த்துவிட்டுப் போங்கள். கட்டில் நிற்கும் மாட்டுக்கு நீந்தவும் வழியில்லை.

அடுத்தது காணி உறுதியும் அனுமதிப்பத்திரமும். அவற்றை ஒருமுறை பறிகொடுத்து, ஆண்டுக்கணக்காகக் கச்சேரிக்கும் பிரதேச செயலகத்துக்கும் அலைந்தவர்கள் இச்சபையிலேயே இருக்கிறீர்கள். பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், கிளினிக் கொப்பி யாவற்றையும் இரட்டைப் பொலித்தீனில் சுற்றி ஒரே பையில் வையுங்கள். பிரதி ஒன்று வேற்றூரிலிருக்கும் உறவினர் கையில் இருக்கட்டும். காலை இழந்தவர், சக்கர நாற்காலியில் வாழ்பவர், தனித்துப் பிள்ளைகளை வளர்க்கும் தாய், இன்சுலின் ஏற்றும் முதியவர் என இவர்களில் யாரை யார் அழைத்துச் செல்வது என்பதையும் பெயர் குறித்தே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். எல்லாரும் உதவுவார்கள் என்ற நம்பிக்கையிலே ஒருவர் தனித்து விடப்படுவதுண்டு.

ஆகாரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நெல்லை நிலத்தினின்று உயர்த்திக் கொம்பறையில் வைத்தவர்களும், மாரிக்கென்று புழுக்கொடியல் காயவைத்தவர்களும் நம் முன்னோரே. வெள்ளம் வடிந்தபின் உள்ள அபாயத்தை மாத்திரம் வற்புறுத்துவேன். கிணற்றை இறைத்துக் குளோரின் இட்டபின்னும் நீரைக் கொதிக்கவைத்தே அருந்துங்கள். வீட்டினுள் நுழையுமுன் பாம்பு உண்டா என்று தடியால் தட்டிப் பாருங்கள். சேற்றிலே கண்ட இரும்பைப் பிள்ளைகள் தொடாதிருக்கட்டும். புதைந்து கிடந்த வெடிபொருளை நீர் இடம்மாற்றி வைத்திருக்கக்கூடும். 2024 டிசெம்பரில் யாழ்ப்பாணத்திலே எலிக்காய்ச்சல் உயிர்களைப் பறித்தது. வயற்சேற்றில் இறங்கியவருக்குக் காய்ச்சல் கண்டால் ஒரு நாளும் தாமதியாமல் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

அரசின் கடமையை நான் மறந்துவிடவில்லை. ஆழிப்பேரலையின் பின் 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அனர்த்த முகாமைத்துவ நிலையம் வந்தது. 117 என்ற இலக்கத்தை எவரும் அழைக்கலாம். ஆனால் வான்கதவு திறக்கப்படும் செய்தி, திறக்கப்படுவதற்குப் பல மணி நேரம் முன்னரே, கோயில் ஒலிபெருக்கியினாலும் தேவாலய மணியினாலும் கடைசி வீட்டை எட்டவேண்டும் என்று கேட்கும் உரிமை நமக்குண்டு. அதை உரத்துக் கேட்க வேண்டும்.

ஆதலின் ஒரு விண்ணப்பம். காலபோகத்துக்கு முன் பயிர்ச்செய்கைக் கூட்டம் கூடி, விதைப்புக்கும் நீர் விடுவதற்கும் நாள் குறிக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. நீர்ப்பாசன அதிகாரியும், கமநல சேவை உத்தியோகத்தரும், கிராம அலுவலரும் ஓரிடத்தில் அமர்வது அன்றுதான். இவ்வருஷக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலிலே வெள்ள ஆயத்தத்தையும் ஒரு விடயமாகச் சேர்க்கும்படி இங்கிருக்கும் ஒவ்வொரு கமக்காரர் அமைப்பும் எழுத்திலே கோர வேண்டும். உங்கள் வீட்டுப் பெண்களையும் அக்கூட்டத்துக்கு அழைத்து வாருங்கள். பத்திரங்கள் எந்தப் பெட்டியில் இருக்கின்றன என்பதும், எந்தப் பசு கன்று ஈனும் தறுவாயில் நிற்கிறது என்பதும், அயல் வீட்டில் யார் நடக்க இயலாதவர் என்பதும் பெரும்பாலும் அவர்களுக்கே தெரியும்.