வெளிநாட்டு பிளக்கும் நம் வீட்டுச் சுவரும்
(அறக்கட்டளையின் மாதாந்திரக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)

 

கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர்ப் பக்கம் வெளிநாட்டுக்குப் பிள்ளையை அனுப்பாத தெரு குறைவு. லீவில் வரும்போது அட்டைப்பெட்டியில் அயர்ன் பாக்ஸோ கெட்டிலோ வரும். அந்த பிளக் நம் சுவரில் நுழையாது. உடனே அதை வெட்டிப் போட்டுவிட்டு, இரண்டு ஒயரை மட்டும் எடுத்து இரண்டு பின் பிளக்கில் மாட்டிவிடுகிறோம்.

போன மழைக்காலத்தில் ஒரு வீட்டில் அப்படி மாட்டிய ஸ்டீல் கெட்டிலைத் தொட்ட தாயாருக்கு ஷாக் அடித்தது. பிழைத்துவிட்டார்கள், அல்ஹம்துலில்லாஹ். நாங்கள் போய்ப் பார்த்தோம். பச்சையும் மஞ்சளும் கலந்த ஒயரை மடக்கி, டேப் சுற்றி ஓரமாக வைத்திருந்தார்கள். அதுதான் எர்த்.

துபாய், கத்தார், மலேசியா, சிங்கப்பூரில் பெரும்பாலும் இருப்பது பிரிட்டனின் தட்டையான மூன்று பின். நம் உருண்டைப் பின்னும் பிரிட்டனிலிருந்து வந்ததுதான். அவர்கள் 1947-இல் புதிய முறையைக் கொண்டுவந்தார்கள். நாம் பழையதிலேயே தங்கிவிட்டோம். தட்டைப் பின் பிளக்கைத் திறந்தால் உள்ளே சின்ன ஃபியூஸ் ஒன்று இருக்கும், அதிகபட்சம் 13 ஆம்பியர். பிரிட்டிஷ் முறையில் பல சாக்கெட்டுகள் 32 ஆம்பியர் லைன் ஒன்றிலேயே ஓடும். சாமானின் மெல்லிய ஒயரைக் காப்பது அந்த ஃபியூஸ்தான். பிளக்கை வெட்டும்போது அதுவும் சேர்ந்து குப்பைக்குப் போகிறது.

2400 வாட் அயர்ன் பாக்ஸ் 230 வோல்ட்டில் 10 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஃபேன், லைட் போர்டில் உள்ள 6 ஆம்பியர் சாக்கெட் அதைத் தாங்காது. 16 ஆம்பியர் பவர் பிளக்கில்தான் போட வேண்டும்.

நிறத்திலும் ஒரு வில்லங்கம் உண்டு. சாமானோடு வரும் ஒயரில் பழுப்பு பேஸ், நீலம் நியூட்ரல். நம் வீட்டுச் சுவருக்குள்ளோ சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றுமே பேஸ், கறுப்புதான் நியூட்ரல். நீலத்தை நீலத்தோடு முறுக்கிவிட்டால், சாமானில் உள்ள சுவிட்சை அணைத்த பிறகும் உள்ளே கரண்ட் நிற்கும்.

உம்ரா போய் வருகிறவர்கள் சவூதிச் சாமானைத் தனியாகக் கவனியுங்கள். அங்கே 60 ஹெர்ட்ஸ். லோயர் கேம்ப்பில் பெரியாற்றுத் தண்ணீர் சுழற்றித் தரும் கரண்ட் உட்பட நம் நாடு முழுவதும் 50. அயர்ன் பாக்ஸுக்கு இதனால் ஒன்றும் இல்லை. மோட்டார் உள்ள சாமான்தான் வேகம் குறைந்து சூடேறும். சவூதியில் முன்பு வீடுகளுக்கு 127 வோல்ட்டும் கொடுத்தார்கள். அந்தக் காலத்துச் சாமான் யார் வீட்டுப் பரணிலாவது இருந்தால் நம் சாக்கெட்டில் சொருகாதீர்கள், கருகிவிடும்.

பழைய வீடுகளில் சாக்கெட்டில் மூன்று ஓட்டை இருக்கும், பின்னால் எர்த் ஒயரே இருக்காது. எனவே பிளக்கை மட்டும் மாற்றிப் பயனில்லை. எர்த்தைச் சோதித்து, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும் போட்டுக்கொள்ளுங்கள்.

வரும் ஜுமுஆ தொழுகைக்குப் பிறகு லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் ஒருவர் நம் அலுவலகத்தில் இருப்பார். பிளக் வெட்டிய சாமான்களைக் கொண்டுவாருங்கள். மூன்று பின் பிளக்கை நாங்கள் வாங்கி வைத்திருக்கிறோம்; மாட்டுவதற்குக் கூலி இல்லை.