தையல் பிரித்த பின்பு

(ஜூபிலி ஆண்டுத் தொழிலாளர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



உடல்நலம் பற்றி நாம் பேச வேண்டும் என்று இளைஞர் குழுவினர் கேட்டுக் கொண்டனர். உடல்நலம் என்பது பெருங்கடல். அதில் ஒரு கை நீரை மட்டும் இன்று அள்ளுவோம். காயம் ஆறிய பின் நிற்கிறதே தழும்பு, அதைப் பற்றிப் பேசுவோம். "தழும்புதானே சாமி, அழகு போனால் போகட்டும்" என்பீர்கள். அழகைப் பற்றி நமக்கும் கவலையில்லை. கை மடங்குமா, நிமிருமா என்பதே நம் கவலை.

1970களில் ஓசூருக்கு சிப்காட் வந்தது முதல் நம் குடும்பங்கள் பிரஸ் ஷாப்பையும் லேத்தையும் ஃபவுண்டரியையும் நம்பிப் பிழைத்து வருகின்றன. அந்தச் சோற்றோடு சேர்ந்து வந்ததே நசுங்கிய விரலும் சூடு பட்ட முழங்கையும். விபத்து நடந்த அன்று எல்லோரும் ஓடுகிறோம். அத்திப்பள்ளி தாண்டிப் பெங்களூருக்குக் கொண்டு போகிறோம், கடன் வாங்கி அறுவை செய்கிறோம், இரத்தம் கொடுக்கிறோம். பத்துப் பதினைந்து நாளில் தையல் பிரிக்கிறார்கள். அத்துடன் கதை முடிந்தது என்று வீட்டுக்கு வந்து விடுகிறோம். "பிஸியோதெரபிக்கு வாருங்கள்" என்று டாக்டர் எழுதிய சீட்டு பீரோவில் தூங்குகிறது. பஸ் செலவு ஒருபுறம், அரைநாள் கூலி ஒருபுறம். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் விரல் உள்ளங்கையை நோக்கி வளைந்து நிற்கிறது. நட்டைப் பிடிக்க முடியாத கைக்கு லைனில் இடம் இல்லை.

ஏன் இப்படி ஆகிறது? தோல் கிழிந்தால் உடல் தன்னிடமுள்ள கொலாஜன் என்ற நாரைக் கொண்டு ஒட்டுப் போடுகிறது. நல்ல தோலில் இந்த நார் ஒழுங்காகப் பின்னப்பட்டிருக்கும். காயத்திலோ அவசர வேலை. நார் ஒன்றன்மேல் ஒன்றாகத் தாறுமாறாய் விழுகிறது. மூன்று வாரத்தில் அந்த இடத்துக்குப் பழைய வலிமையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் வரும். எவ்வளவு காலம் போனாலும் சுமார் 80 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. பிறகு அந்த நார் சுருங்கத் தொடங்குகிறது. மேல்தோலோடு நில்லாமல் அடியிலுள்ள தசைநாணையும் பிடித்துக் கொள்கிறது. தசைநாண் என்பது விரலை இழுக்கும் கயிறு. கயிறு உறையோடு ஒட்டிக் கொண்டால் விரல் எப்படி மடங்கும்?

ஆனால் தழும்பு ஓராண்டு வரையிலும், சிலருக்கு அதற்கு மேலும், தன்னைத் திருத்திக் கொண்டே இருக்கிறது. எந்தத் திசையில் மெதுவாக இழுக்கிறோமோ அந்தத் திசையில் நார்கள் ஒழுங்குபடுகின்றன. இயன்முறை மருத்துவம் நுழைவது இந்த வாசலில்தான்.

இந்த வித்தையை உலகுக்குக் கற்றுத் தந்த இடங்களில் ஒன்று நமக்கு அருகிலுள்ள வேலூர். கொல்லிமலையில் 1914-இல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களுக்குத் தசைநாணை இடம் மாற்றித் தைத்தார். நோய் வேறு, விபத்து வேறு. ஆயினும் விறைத்த கை ஒன்றுதான். கத்தி வேலையோடு அவர் கையை விட்டுவிடவில்லை. ஏறத்தாழ மூன்று வாரம் மாவுக்கட்டு. அதன்பின் வாரக்கணக்கில் பயிற்சி. வளைந்த விரலை அவர் பலமாக இழுத்து நிமிர்த்தவும் இல்லை. நிமிரும் மட்டும் நிமிர்த்தி மாவுக்கட்டுப் போடுவார்; சில நாளில் அதைக் கழற்றி, இன்னும் சற்று நிமிர்த்தி மறுபடி போடுவார். முரட்டுத்தனமாக இழுத்தால் திசு கிழிந்து அங்கே புதுத் தழும்பு பிறக்கும். மென்மையாக, விடாமல் இழுத்தால் திசு வளர்ந்து கொடுக்கும். இதை அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். எண்ணெய் தேய்த்து 'மடக்' என்று இழுத்துவிடும் கைராசிக்காரர்களிடம் ஓடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் கேட்கட்டும்.

அதே வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ் இருந்தார். 1954-இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தவர். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே கைகளுக்கு அறுவை செய்தவர். அவர் முயற்சியால் 1966-இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் எழுந்தது.

இனி நாம் செய்யக்கூடியது. காயம் முழுவதும் மூடி, தையல் பிரித்து, டாக்டர் அனுமதித்த பின்பே தழும்பில் கை வைக்க வேண்டும். தேங்காய் எண்ணெயோ வாசனையில்லாத களிம்போ சிறிது தொட்டு, விரல் நுனியால் அழுத்தி, தோல் அடியோடு நகரும்படி வட்டமாகவும் குறுக்காகவும் தேய்க்க வேண்டும். ஐந்து நிமிடம், நாளைக்கு இரண்டு மூன்று முறை. சீழ், காய்ச்சல், புதுச் சிவப்பு, வாய் திறந்த புண் இருந்தால் தொடவே கூடாது. இப்படித் தேய்ப்பதால் தழும்பு மறையாது. நெகிழும், அரிப்பும் வலியும் குறையும், அவ்வளவே. தடித்து எழும் தழும்புக்கு சிலிக்கான் ஒட்டு உண்டு. தீக்காயத்துக்கு இறுக்கமான அழுத்த உடையும், இரவில் கை வளையாமலிருக்க ஸ்பிளிண்டும் தருவார்கள். தசைநாண் அறுந்து தைத்தவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: தைத்த கயிறு முதல் வாரங்களில் மிகவும் பலவீனம். எந்த விரலை எப்போது எவ்வளவு அசைப்பது என்பதைப் பயிற்சியாளர் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் சொல்லக் கூடாது.

நம் தாய்மாரிடமும் ஒரு சொல். மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை செய்த சகோதரிகள் வெட்கப்பட்டுக் கையை உடம்போடு ஒட்டி வைத்துக் கொள்கிறார்கள். தழும்பு இறுகித் தோள் பூட்டிக் கொள்கிறது. பிறகு தலைவாரக் கூடக் கை எழுவதில்லை. டாக்டர் சொன்ன நாளில் சுவரைப் பிடித்து விரல்களால் மேலே ஏறும் பயிற்சியைத் தொடங்குங்கள். வீட்டிலுள்ள ஆண்கள் அந்தப் பத்து நிமிடம் அடுப்பைப் பார்த்துக் கொண்டால் குறைந்து போக மாட்டார்கள்.

பணத்துக்கு வருவோம். இ.எஸ்.ஐ.யில் பதிவான தொழிலாளிக்கு வேலையில் காயம் பட்டால், டாக்டர் சான்றளிக்கும் நாள்வரை கூலியில் 90 சதவீதம் அளவுக்கு உதவித்தொகை உண்டு. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே காயம்பட்டாலும் உண்டு. காண்டிராக்ட் தொழிலாளிக்கும் உண்டு. இதை அறியாமல், அரைகுறையாக ஆறிய கையோடு ஷிப்டுக்குப் போனவர்களை நாம் கண்டிருக்கிறோம். வீட்டை விட்டு வர முடியாதவர்களுக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' இருக்கிறது. 2021 ஆகஸ்டில் அத்திட்டம் தொடங்கப்பட்டதே நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். இயன்முறை சிகிச்சையை வீட்டுக்கே கொண்டு வருவது அதன் வேலைகளில் ஒன்று. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்தால் போதும். கிருஷ்ணகிரியில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. அறுவையைப் பெங்களூரில் செய்தாலும் பயிற்சியை இங்கேயே தொடரலாமா என்று டிஸ்சார்ஜ் ஆகும் அன்றே கேட்டு, சீட்டில் எழுதி வாங்கி வாருங்கள்.

வரும் ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின், கடந்த ஓராண்டில் காயம்பட்டவர்களும் அறுவை செய்தவர்களும் மருத்துவச் சீட்டுடன் பங்கு அலுவலகத்துக்கு வாருங்கள். இரு சக்கர வண்டி வைத்திருக்கும் இளைஞர்கள் வாரத்தில் எந்த நாள் வர இயலும் என்று பெயர் எழுதிக் கொடுங்கள். யாரை யார் அழைத்துப் போவது என்று அன்றே பட்டியல் போட்டு விடுவோம்.