செருப்புக்குள் இருந்த ஆணி



யட்டியாந்தோட்டைப் பக்கம் இறப்பர் மலையில் பால் வெட்டியவர் என் அம்மா. சீனி வருத்தக்காரர். ஒருநாள் செருப்புக்குள் ஆணி ஏறியிருந்தது. மாலையில் கால் கழுவும்போது இரத்தத்தைக் கண்டுதான் அறிந்தார். கால் விறைப்பதற்கு "உடம்பில் இரத்தம் இல்லை" என்று அக்கம்பக்கத்தார் இரும்புக் குளிசை கொடுத்தார்கள். எங்கள் லயத்தில் எல்லாக் களைப்புக்கும் அதுதானே மருந்து!

தோட்டப் பெண்களிடம் இரத்தசோகை உண்டுதான். சாப்பாட்டோடு குடிக்கும் தேத்தண்ணியும் இரும்பு உடலில் சேர்வதைக் குறைக்கும். ஆனால் சீனி உள்ளவருக்குக் கணக்கு சிக்கலானது. இரும்பு இருப்பைக் காட்டும் பெரிட்டின், உடலில் அழற்சி இருந்தால் ஏறிவிடும். இருப்புக் குறைந்திருந்தும் அறிக்கை சரியாகத் தோன்றலாம். இரும்புக் குறைவால் வரும் சோகையில், மூன்று மாதச் சீனியைக் காட்டும் எச்பிஏ1சி உண்மையைவிடக் கூடிக் காட்டலாம். தேவைக்கு மிஞ்சிய இரும்பும் உடலுக்குக் கேடு. ஆகவே பரிசோதிக்காமல் குளிசை வேண்டாம்.

இன்னொன்று. மெட்போர்மினைப் பல வருடம் குடிப்பவருக்கு வைட்டமின் பி12 குறையலாம். அது சோகையையும் தரும், காலையும் விறைக்க வைக்கும். இரும்பு அதைத் தீர்க்காது. அம்மாவுக்கு இருந்தது அதுதான். அதைக் கண்டுபிடிக்க இரண்டு வருடம் பிந்திவிட்டது. படித்த மகள் நானும் கேட்கவில்லை.

கிளினிக்கில் நைலோன் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்வு பார்ப்பார்கள். சில நிமிட வேலை, கேட்டுச் செய்வியுங்கள். பி12 பற்றியும் கேளுங்கள். ஊருக்குப் போனால் அம்மாவின் உள்ளங்காலை வெளிச்சத்தில் பாருங்கள்.

அம்மா இப்போது செருப்பைத் தட்டிப் பார்த்துத்தான் போடுகிறார்.