முதல் வகுப்பிலிருந்து எண்ணுவோம்

பள்ளிக்கூடத்தில் உடன் படித்தவர்கள் பல ஆண்டுகளுக்குப் பிறகு ஒருவரையொருவர் தேடிப் பிடித்து ஒன்றுகூடுவதும், சேர்ந்து சில இடங்களுக்குப் போய் வருவதும் இன்று நம் மக்களிடையே பெருகி வருகின்றன. இது நல்ல வழக்கம். இதைச் செய்து பார்த்த நாங்கள், அதில் இழைத்த ஒரு தவற்றையும் அதிலிருந்து கற்றுக்கொண்டதையும் உங்களிடம் சொல்ல விரும்புகிறோம்.

நாங்கள் ஒரு ரப்பர் தோட்டத் தமிழ்ப் பள்ளியில் 1968ஆம் ஆண்டு ஆறாம் வகுப்பை முடித்தவர்கள். படிக்கும் வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் விதித்தது. அத்தகைய பள்ளிகளில் ஒன்றுதான் எங்களுடையது. பலகைச் சுவர், தகரக் கூரை, ஆறு வகுப்புகளுக்கு இரண்டே ஆசிரியர்கள். பெற்றோர் இருட்டோடு பிரட்டுக்குப் போய்விடுவார்கள். நாங்கள் தம்பி தங்கைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் பள்ளிக்கு ஓடுவோம்.

பிறகு நாங்கள் சிதறிய கதை உங்களுக்குப் புதிதல்ல. 1969ஆம் ஆண்டு முதல், குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட்டு வேண்டும் என்றானது. சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த பலர் குடும்பத்தோடு தமிழ்நாட்டுக்குக் கப்பல் ஏறினார்கள். பல தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டன. ரப்பர் நின்ற காட்டில் செம்பனை வந்தது. அதற்கு அத்தனை ஆட்கள் தேவைப்படவில்லை. இன்று புத்ராஜெயா நகரம் நிற்கும் நிலம் ஒரு காலத்தில் பெராங் புசார் ரப்பர் தோட்டம் என்பதை எத்தனை பிள்ளைகள் அறிவார்கள்? சுதந்திரம் பெற்ற 1957இல் 800க்கு மேல் இருந்த தமிழ்ப் பள்ளிகள் இன்று சுமார் 530 ஆகக் குறைந்திருக்கின்றன. பள்ளியே இல்லாமற்போனால் கூட்டாளிகளை எங்கே போய்த் தேடுவது?

எங்களிடம் ஆறாம் வகுப்பில் எடுத்த ஒரு படம் இருந்தது. அதில் பதினான்கு முகங்கள். அந்தப் படத்தை வைத்துக்கொண்டு கல்யாண வீடுகளிலும் கோயில் திருவிழாக்களிலும் விசாரித்தோம். இருவர் காலமாகிவிட்டனர். ஒருவர் 1970இல் பெற்றோருடன் தமிழ்நாட்டுக்குப் போனவர். மீதிப் பதினொரு பேரும் 2017ஆம் ஆண்டு ஒரு ஹோட்டலில், தலைக்கு 120 வெள்ளி கொடுத்து விருந்து உண்டோம். எல்லாரையும் கண்டுபிடித்துவிட்டோம் என்று பெருமையும் பட்டுக்கொண்டோம்.

அடுத்த ஆண்டு எங்கள் ஆசிரியர் இறந்தார். துக்க வீட்டில் ஓர் அம்மாள் எங்கள் அருகில் வந்து, “என்னைத் தெரிகிறதா?” என்று கேட்டார். தெரியவில்லை. பெயரைச் சொன்ன பிறகுதான் நினைவு வந்தது. வகுப்பில் பதினாறாம் வாய்ப்பாட்டை ஒரே மூச்சில் ஒப்பித்தவர் அவர். நான்காம் வகுப்போடு அவர் படிப்பு நின்றது. வீட்டில் கைக்குழந்தை; அம்மாவுக்கு உதவியாக மங்கு துடைக்கவும் ஒட்டுப்பால் பொறுக்கவும் ஆள் வேண்டும். அவருக்கு அப்போது பத்து வயது.

“ஏன் அம்மா விருந்துக்கு வரவில்லை?” என்று எங்களில் ஒருவர் யோசிக்காமல் கேட்டுவிட்டார். “அது ஆறாவது படித்தவர்களுக்கு என்று சொன்னார்களே” என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எங்களுக்கு அதிகமாகச் சுட்டது.

அன்றிரவு உட்கார்ந்து எண்ணிப் பார்த்தோம். 1963இல் முதல் வகுப்பில் சேர்ந்தவர்கள் இருபத்து மூன்று பேர். படத்தில் இருந்தவர்கள் பதினான்கு பேர். இடையில் நின்ற ஒன்பது பேரை நாங்கள் கூட்டாளிகளாக எண்ணவே இல்லை. வறுமை அவர்களை ஒருமுறை வகுப்பிலிருந்து நீக்கியது. ஐம்பது ஆண்டு கழித்து நாங்கள் மறுமுறை நீக்கியிருந்தோம்.

மீண்டும் தேடினோம். ஒன்பது பேரில் ஐவர் கிடைத்தனர். மூவர் காலமாகிவிட்டனர். ஒருவர் இருக்குமிடம் இன்னும் தெரியவில்லை.

அடுத்த சந்திப்பைப் போர்ட்டிக்சன் கடற்கரையில் வைத்தோம். ஆளுக்கு ஒன்றாகச் சமைத்து எடுத்துப் போனோம்: தேங்காய்ச் சோறு, நெத்திலிச் சம்பல், அவித்த மரவள்ளிக்கிழங்கு. தமிழ்நாட்டுக் கூட்டாளி கைப்பேசித் திரையில் வந்து பேசினார். அந்த அம்மாள் வாய்ப்பாட்டைத் தொடங்கி, பதினாறு பதினாறு இருநூற்று ஐம்பத்தாறு வரை தடங்காமல் சொல்லி முடித்தார். ஆறாவது முடித்த நாங்கள் பாதியிலேயே திணறினோம்!

எங்கள் அனுபவத்தில் கண்ட சில வழிகளைச் சொல்கிறோம்.

முதலாவது, பெயர்ப் பட்டியலை முதல் வகுப்பிலிருந்து தொடங்குங்கள். பள்ளி இடம் மாறியிருந்தால், பழைய சேர்க்கைப் பதிவேடு அங்கே இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு வரும் பெரியவர்களைக் கேளுங்கள்.

இரண்டாவது, மிகக் குறைந்த வருமானம் உள்ளவரை மனத்தில் வைத்துச் செலவைத் திட்டமிடுங்கள். கூடுதலாகக் கொடுக்க முடிந்தவர் பெயர் சொல்லாமல் உண்டியலில் போடட்டும்.

மூன்றாவது, எடுத்தவுடனே வீடு, சம்பளம், பிள்ளைகளின் பட்டம் பற்றிக் கேட்காதீர்கள். நேரடி விற்பனைப் பொருள்களையும் கட்சி அரசியலையும் கொண்டுவராதீர்கள்.

நான்காவது, வயதை மறக்காதீர்கள். பத்துமலையின் 272 படிகளையும் ஏற முடிந்தவர் ஏறட்டும். முடியாதவர் கீழே அமர்ந்து பேசிக்கொண்டிருக்கட்டும். வேளைக்கு உண்ண வேண்டிய மருந்தை எல்லாரும் கையோடு கொண்டுவரட்டும்.

இத்தகைய சந்திப்பால் உல்லாசம் மட்டுமல்ல, உதவியும் உண்டு. தேடிக் கண்டுபிடித்த ஐவரில் ஒருவர் தம் சேமநிதிக் கணக்கை நெடுங்காலம் கவனிக்காமல் இருந்தார். குமாஸ்தாவாக வேலை பார்த்து ஓய்வு பெற்ற கூட்டாளி அவரை அழைத்துக்கொண்டு ஊழியர் சேமநிதி அலுவலகத்துக்குப் போனார். பழைய தோட்டச் சம்பளத்தில் பிடித்த பணம் அவர் பெயரில் அப்படியே இருந்தது.

திருவள்ளுவர் நட்புக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு நின்றுவிடவில்லை. நெடுநாள் பழகியவர்களின் உரிமையைப் பேச, ‘பழைமை’ என்று 81ஆவது அதிகாரத்தைத் தனியாக வைத்தார். அந்த உரிமைக்குப் பள்ளிச் சான்றிதழ் தேவையில்லை. ஒரே பலகையில் அமர்ந்து படித்திருந்தால் போதும்.

ஆகவே நேயர்களே, இன்றிரவு ஒரு தாளை எடுங்கள். உங்களோடு முதல் வகுப்பில் அமர்ந்தவர்களின் பெயர்களை எழுதுங்கள். பாதியில் நின்றவரின் பெயரை முதலில் எழுதுங்கள். நமக்கு வயதாகிக்கொண்டே போகிறது. தேடுவதை நாளைக்கு என்று தள்ளிப்போட வேண்டாம்.