ஒரு செய்திக்கு ஓரிடம்



வாடிக்கைக்காரர் ஒருவரின் பாக்கி இரண்டு ஏடுகளில் இருவேறு தொகையாக இருப்பின், எதனை மெய்யென்று நாம் கொள்வது? கணக்குப் பிழைபடின் வணிகரின் நாணயமும் பிழைபடுமன்றோ?

கணிப்பொறிக் கணக்கில் இவ்விடரைக் களையும் வழியை 1970-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்து அறிஞர் எட்கர் காட் என்பார் வகுத்தார். செய்திகளை அட்டவணைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஓரிடத்தே பதிந்து, பொதுக் குறியெண்ணால் இணைப்பதே அம்முறை. நன்கமைந்த தரவுத்தளத்தில், பணம் ஒரு கணக்கிற் கழிந்து மற்றொன்றிற் சேருமுன் மின்சாரம் நின்றுபோயினும், அரைகுறைப் பதிவு நில்லாது; முன்னைய நிலையே மீளும்.

ஆதலின், தரவுத்தளம் அமைப்போரை அமர்த்தும் அன்பர்கள் கூலியை மட்டும் வினவாது, “ஒரு செய்தி எத்தனை இடத்திற் பதியப்படும்? காப்புப் பிரதி எங்கே இருக்கும்? அதனை மீட்டுக் காட்டுவீரா?” என்றும் வினவுதல் வேண்டுமென்பதே நமது வேண்டுகோள்.