அபாயச் சங்கு
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



சேலத்துக்காரர்களுக்குச் சங்கு புதிதல்ல. மேட்டூர் அணையில் உபரிநீர் திறக்கும் முன் சங்கு ஊதும். ஆற்றில் துணி துவைப்பவர் வாளியைத் தூக்கிக்கொண்டு கரையேறுவார். அந்த ஓசைக்குப் பொருள் ஒன்றுதான், போகவேண்டிய திசையும் ஒன்றுதான். அதே சங்கைக் கரடியூரில் ஒரு கம்பத்தில் கட்டிவிட்டால் போதுமா?

2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. புயல்தான் போயிற்றே என்றிருந்தோம். அதன் பிறகுதான் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியது, ஏற்காட்டுப் பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது, திருவண்ணாமலை அடிவாரத்தில் வீட்டின்மேல் மண்ணும் பாறையும் விழுந்து 7 பேர் மாண்டார்கள். அதே ஆண்டு ஜூலை 30-ல் வயநாட்டில் மலை சரிந்தபோது ஊரே உறக்கத்தில் இருந்தது.

"மொபைலில் எச்சரிக்கை வருமே" என்பீர்கள். வரும், டவர் உயிரோடு இருந்தால்.

பெரிய சைரன் 100 அடியில் 120 டெசிபல் கொடுக்கும். தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் சுமார் 10 குறையும் என்பது தோராயக் கணக்கு. ஒரு கிலோமீட்டரில் 70தான். அதுவும் சமவெளியில்! நடுவில் ஒரு முகடு வந்தால் இன்னும் மோசம். தகரக் கூரையில் மழை அடிக்கும்போது, பக்கத்தில் படுத்திருப்பவர் கூப்பிடுவதே கேட்காதுங்க. வெளியே வைக்கும் சைரன், வெளியில் நிற்பவருக்கானது.

ஆகவே ஒரு பெரிய சைரனைவிட, ஊருக்கு ஊர் கையால் சுற்றும் சிறிய சைரன் மேல், கரண்ட் வேண்டாம். கூடவே ஒரு மழைமானி. சேலத்திலிருந்து போன் வரட்டும் என்று காத்திராமல் சுற்றும் அதிகாரம் அந்த ஊர்க்காரர் இருவருக்கு வேண்டும். பேட்டரியில் ஓடும் கோயில் மைக்கும் நல்லதுதான். சைரன் கத்தும்; மைக் எங்கே போவது என்று சொல்லும்.

இது சின்ன விஷயமல்ல. 2023 ஆகஸ்டில் ஹவாயில் லஹைனா நகரம் காட்டுத்தீயில் எரிந்தபோது சைரன்கள் இருந்தும் ஊதவில்லை. சுனாமி என்றெண்ணி மக்கள் மலைப்பக்கம், தீயை நோக்கியே ஓடிவிடுவார்கள் என்று அதிகாரி காரணம் சொன்னார். சுமார் நூறு பேர் இறந்தார்கள். அவரைத் திட்டுவது சுலபம். ஓசைக்குப் பொருள் முன்பே சொல்லிக்கொடுத்திருந்தால் அந்தக் குழப்பமே வந்திராது.

கரடியூருக்குச் சொல்ல வேண்டியது இதுதான்: சங்கு கேட்டால் ஓடை வழியே கீழே ஓடாதீர்கள், ஓடையை விட்டு விலகிப் பக்கவாட்டில் மேடேறுங்கள்.

தம்பிகளே, அடுத்த நாட்டு நலப்பணித் திட்ட முகாமை அங்கே வையுங்கள். ஊராரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு ஒருவர் சைரனைச் சுற்றட்டும்; மற்றவர்கள் வீடு வீடாக நின்று கேட்கிறதா என்று குறித்து வாருங்கள். மழைநாளாகப் பார்த்து வையுங்கள், குடையோடு.