பாக்கி நோட்டில் இருந்த தொழில்



புதுத் தொழிலுக்கு யோசனை எங்கே கிடைக்கும் என்று கேட்கிறவர்களுக்கு நான் உடுமலைப்பேட்டையைத்தான் காட்டுவேன்.

1980-களில் அங்கே சௌந்தரராஜன், சுந்தரராஜன் என்ற சகோதரர்கள் கோழித்தீவனமும் மருந்தும் விற்றுவந்தார்கள். பண்ணைக்காரர்கள் கடனுக்கு வாங்குவார்கள். கோழி விலை சரிந்தால் பாக்கி அப்படியே நின்றுவிடும். சரக்குக் கொடுத்தவர் வசூலுக்கு அலைவதுதான் வழக்கம். இவர்களோ, நன்றாகக் கோழி வளர்க்கத் தெரிந்தவரும் ஏன் கடனாளியாகிறார் என்று பார்த்தார்கள். வளர்க்கும் திறமை விவசாயியிடம் இருந்தது. முதலும், விலை விழுந்தால் தாங்கும் தெம்பும்தான் இல்லை. 1990 வாக்கில் மூன்றே விவசாயிகளோடு புது ஏற்பாட்டைத் தொடங்கினார்கள். குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் எங்களுடையது. கொட்டகையும் உழைப்பும் உங்களுடையது. வளர்ந்த கோழியை நாங்களே எடுத்துக்கொண்டு வளர்ப்புக் கூலி தருகிறோம் என்றார்கள். அவர்களின் நிறுவனம்தான் சுகுணா. இன்று பல மாநிலங்களில் கறிக்கோழி இந்த முறையில்தான் வளர்கிறது.

வாராக்கடனை நஷ்டம் என்று எழுதி மூடியிருந்தால் இந்தத் தொழிலே பிறந்திருக்காது. வாடிக்கையாளரின் கஷ்டத்தை அவ்வளவு அருகில் நின்று பார்ப்பவருக்கே இப்படி ஒரு வழி புலப்படும் என்று உறுதியாக நம்புகிறேன்.

கோவையின் பம்ப்செட் தொழிலும் தண்ணீர்க் கஷ்டத்தில் பிறந்ததுதான். மழை குறைவு, கிணறுகள் ஆழம். மாடு பூட்டிக் கவலையில் நீர் இறைத்த பூமி இது. 1930-களில் பைக்காரா நீர்மின் நிலையத்தின் மின்சாரம் வந்ததும் கிணற்றடிக்கு மோட்டார் தேவைப்பட்டது. 1926-லேயே பி.எஸ்.ஜி. அறக்கட்டளை தொடங்கிய தொழிற்பயிற்சி நிலையம் போன்ற இடங்களில் லேத்தும் வார்ப்பும் பழகிய கைகள் தயாராக இருந்தன. தேவையும் கைத்திறனும் ஒரே ஊரில் சந்தித்ததை நம் முன்னோர் வீணாக்கவில்லை.

இன்று பட்டம் வாங்கும் உங்கள் தலைமுறைக்கும் வேலை மிச்சமிருக்கிறது. விவசாயியின் விலைச் சுமையை இறக்கிய அதே கோழி வளர்ப்பு ஒப்பந்த முறையில், வளர்ப்புக் கூலி போதவில்லை என்று நம் பகுதிப் பண்ணையாளர்கள் பலமுறை போராடியிருக்கிறார்கள். ஆள் கூலி, கொட்டகைத் தரையில் பரப்பும் தேங்காய் நார்க்கழிவு, கொட்டகைப் பராமரிப்பு என்று செலவு ஏறிக்கொண்டே போகிறது. இருதரப்புக்கும் கட்டுப்படியாகும் வழி இன்னும் அமையவில்லை. பண்ணை வீட்டுப் பிள்ளைகள் இந்த அரங்கில் நிறையப் பேர் இருப்பீர்கள். ஊருக்குப் போனதும் ஒரு பேட்ச் கோழியின் வரவு செலவை அப்பாவிடமோ அம்மாவிடமோ கேட்டு வாங்குங்கள். வரிவரியாகப் பாருங்கள்; எந்த வரியில் கை வைத்தால் அவர்களுக்கு மிஞ்சும் என்று அவர்களையே கேளுங்கள்.